கழுத்துக் கோடு

ரயில் பணிமனையின் பெயின்ட் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் அலங்காரக் கோடு இழுக்கும்போது எவன் நடுவில் கையை எடுத்து மறுபடி வைக்கிறானோ, அவன் கோட்டில் ஒட்டு விழும். ஒட்டு விழுந்தவன் கழுத்தில் அதே வண்ணத்தால் ஒரு கோடு போடுவார்கள். காதுக்குக் கீழே தொடங்கிக் காலருக்குள் போய் முடியும். முன்பு அது கேலிக்காக இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் போடுவார்கள். சாயங்காலம் கைகால் கழுவும்போதே போய்விடும். போட்டவனும் போட்டுக்கொண்டவனும் சேர்ந்துபோய் டீ குடிப்பார்கள்.

மேஸ்திரி பொறுப்புக்கு வந்ததும் அதை எனாமலில் போட ஆரம்பித்தார். டர்பென்டைன் வைத்துத் துடைக்கக் கூடாது, தானாகத் தேய்ந்து போகிறவரை அப்படியே இருக்க வேண்டும் என்றார்.

"வண்டியில விழுந்த ஒட்டு தண்ணில கழுவினா போயிடுமா? போகாதில்ல? அப்ப உன் கழுத்துலேருந்து மட்டும் எதுக்குடா போகணும்?"

அவர் சொல்கிறதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

எதிரில் அவரை மேஸ்திரி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் தூசி என்பார்கள். அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி தூசிதான். வார்னிஷ் அடிக்கிற நாளில் தரை முழுக்கத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். ஜன்னல்களை எல்லாம் அறைந்து சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணிப்பார். உள்ளே வருகிறவன் சட்டையை உதறிவிட்டு, தலையை வாரிவிட்டு வர வேண்டும். ஒருமுறை தும்மிய ஒருவனை மழையில் நிற்கவைத்தார். மழையில் தூசி அடங்கிவிடும் என்று காரணமும் சொன்னார். நெட்டை என்று பெயர் வாங்கிய உயரமான பெயின்டர் அன்றைக்குச் சொன்னது ஷெட்டில் நிலைத்துவிட்டது: "இவரு செத்தா எரிக்கவும் முடியாது, பொதைக்கவும் முடியாது. ரெண்டுலயும் தூசி வரும்."

ஆனால் அவர் கை தப்பாத கை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பெட்டிகளில் இருந்த கோடுகளைப் பார்த்துப் பார்த்து, கழித்துப்போட்ட தகரங்களில் போட்டுப் பழகியவர். கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் போக்கைப் பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் தெரிந்துவிடும். அவர் கழுத்தில் மட்டும் கோடு விழுந்ததே இல்லை.

மகளுக்கு மாப்பிள்ளை தேடியதும் ஷெட்டுக்குள்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்களில் ஒருவனுடைய மணிக்கட்டு அவருக்குப் பிடித்துப் போயிற்று. குணம் என்ன, குடும்பம் எப்படி என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஷெட்டில் எல்லோருமே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி மட்டும் இடம் பார்த்துக் கூப்பிடுவார். வீட்டில், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க." ஷெட்டில், "இங்க வாடா."

மனைவி இல்லாத வீடு என்பதால் மகளும் மாப்பிள்ளையும் அவரோடேயே இருந்தார்கள். கல்யாணமான சில மாதத்தில் மாப்பிள்ளை ஒரு பெட்டியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் ஏணி ஆடிவிட்டது. கை நின்றது. ஒட்டு விழுந்தது. மேஸ்திரி ஏணியைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் சட்டைக் காலரைத் தானே கீழே மடித்து, மஞ்சள் எனாமலில் அழகாக ஒரு கோடு போட்டார்.

அந்த வாரம் ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுப்பதாக இருந்தது. மாப்பிள்ளை தள்ளிப்போடலாம் என்றான். மேஸ்திரி கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். "கழுத்துல ஏதோ இருக்கு சார், டச் பண்ணி எடுத்துடட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க. இருக்கிறது இருக்கட்டும்."

படம் ஹாலில், வாசலுக்கு நேரே மாட்டப்பட்டது. வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். மேஸ்திரி தவறாமல் விளக்குவார். மகள் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"அப்பா, அதை எடுத்துடலாம்பா."

"ஏன், படம் நல்லாத்தானே விழுந்திருக்கு? யாராச்சும் கேட்டா சொல்லு, கையை அடக்கத் தெரியாத மாப்பிள்ளைன்னு."

அவள் வாரம் தவறாமல் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துவைத்தாள்.

மேஸ்திரி ஓய்வு பெறப்போகிற வருஷத்தில்தான் நீராவி எஞ்சின் வந்தது. ஒரு பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடக் கிடந்தது. புகைபோக்கிக்குள் பறவைக் கூடு, நிலக்கரித் தொட்டியில் மரக்கன்று. பூங்காக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு நிறம் அடித்திருந்தார்கள். அருங்காட்சியகத்துக்காரர்கள் அதை வாங்கி, முதன்முதலில் வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கிடைத்த பழைய புகைப்படம் கறுப்பு வெள்ளை. கோடுகள் எங்கெங்கே போகின்றன என்று அதில் தெரிந்தது, நிறம் தெரியவில்லை.

அந்த எஞ்சினை மேஸ்திரி சுற்றி வந்த விதத்தை ஷெட்டே பார்த்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பூசியது எதுவும் மிஞ்சவில்லை. பெட்டிகள் சில வருஷத்தில் திரும்பி வரும். அவர் கோட்டை அவரே சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி இழுப்பார். மற்றவை பழைய இரும்பாகப் போய்விட்டன. இது ஒன்றுதான் கூரைக்கடியில் நிற்கப் போகிறது. இதை யாரும் சுரண்டப் போவதில்லை.

"என் கையில இது ஒண்ணுதான்டா மிஞ்சும். நான் போனப்புறமும் இது நிக்கும். எவனாவது இதுல ஒரு முடி விட்டீங்க, தொலைச்சுடுவேன்" என்றார்.

நிறத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை வேறு யாரிடமும் விடவில்லை. தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவும் பெட்டி ஒன்று எஞ்சின் மேல் உண்டு. அதன் வட்ட மூடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டார். நனைத்த உப்புத்தாளால் ஓரிடத்தைச் சிறு வட்டங்களாகத் தேய்த்தார். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வந்தது. வெள்ளி, சிவப்பு, பூங்காவின் இன்னொரு சிவப்பு, கறுப்பு, பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், பட்டிக்கு மேலே, கரும்பச்சை. அந்தப் பச்சையை அகலமாகத் தேய்த்துத் திறந்தார்.

"பச்சை" என்றார். தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது.

பித்தளைச் சாமான்களை மெருகேற்றும் அறையிலிருந்து பித்தளை அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுடைய மாமனார் இந்த எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்.

"மேஸ்திரி, எங்க மாமனாரு இதை நீலக் குதிரைன்னுதான் சொல்லுவாரு. நீலமா இருந்துச்சாம்."

"உங்க மாமனாரு கரியைத் தவிர வேற நிறம் பாத்திருக்காராம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அக்காவும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அருங்காட்சியகப் பொறுப்பாளர் வந்து மூடியைப் பார்த்து, "நீங்க சொன்னா சரிதான் மேஸ்திரி" என்றார். மேஸ்திரி நாள் முழுக்கக் கலந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மூடியில் இருந்த பச்சையோடு தன் பச்சையைப் பக்கத்தில் வைத்தால் கோடு தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தார். "மூடியைக் கடைசியில பூசிக்கலாம்" என்று ஓரமாக வைத்தார்.

தூசிக்குப் பயந்து ஷெட்டின் ஜன்னல்கள் மூடியே இருந்தன. பித்தளை அறை ஜன்னல் மட்டும் மெருகுப் பசையின் நெடி தாங்காமல் திறந்திருக்கும். அங்கே நாள் முழுக்க வெயில் விழும். பசை டப்பா ஜன்னல் கட்டையில் வழிந்து ஒட்டுகிறதென்று அக்கா அந்த மூடியை எடுத்துப் போய், அதன்மேல் டப்பாவை வைத்துக்கொண்டாள்.

எஞ்சினுக்கு முதல் பச்சைப் பூச்சு முடிந்து சில வாரம் இருக்கும். உடம்பு காய்ந்து, தேய்த்து, இரண்டாவது பூச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை டீயோடு பித்தளை அறைக்கு வந்தான். அக்கா டப்பாவை எடுத்தாள். மூடியில் டப்பா உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வட்டமாகப் பச்சை. அதைச் சுற்றி, வெயில் பட்ட இடமெல்லாம் நீலம்.

மாப்பிள்ளை டீயைக் கீழே வைத்தான். எந்தப் பெயின்டருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயின்ட் வெளிச்சம் படாமல் கிடந்தால் எண்ணெய் மஞ்சளாகும். அலமாரிக்குள் அடித்த வெள்ளை மஞ்சளாவது அதனால்தான். வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும். இத்தனை காலம் இத்தனை பூச்சுக்கு அடியில் இருட்டில் கிடந்த நீலம், மஞ்சள் ஏறிப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. மஞ்சளித்த வெள்ளைப் பலகைகளை வெயிலில் சாய்த்து வைக்கச் சொல்லி அவனுக்குக் காட்டியதே மேஸ்திரிதான். சாத்திய ஜன்னலுக்குள் உட்கார்ந்து பார்த்ததில் அவருக்கே அது தோன்றவில்லை.

நெட்டையைக் கூப்பிட்டுக் காட்டினான். நெட்டை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லிடலாமா?" என்றான் மாப்பிள்ளை.

"சொல்லேன். நீதானே வீட்டு ஆளு."

"நான் சொன்னா முதல்ல கழுத்தை நீட்டச் சொல்லுவாரு."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? எனக்கு ஒரு தடவை கோடு போனதும் தோலும் சேந்து போச்சு."

அக்கா மூடியை வாங்கித் திரும்பவும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். டப்பாவை அதே வட்டத்தின்மேல் சரியாகப் பொருத்தினாள். "எங்க மாமனாருக்குத்தான் கரியைத் தவிர ஒண்ணும் தெரியாதே. எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள்.

அன்று வீட்டில் மேஸ்திரி கொல்லைக் குழாயடியில் தன் கோட்டு பிரஷ்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த பிரஷ்களை ஷெட்டில் விட்டு வர மாட்டார். தண்ணீர் விழும் சத்தம் சமையலறைவரை கேட்டது. மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருக்கேன். இப்பன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போகல. தேய்ச்சுட்டு நீலம் அடிச்சுடலாம்."

"இன்னும் என்ன வேலை பாக்கி?"

"பச்சை ரெண்டு கை. அப்புறம் கோடு. அப்புறம் வார்னிஷ்."

"வார்னிஷ் அடிச்சுட்டா மாத்த முடியாதா?"

"மாத்தலாம். ஆனா விழா தாண்டிடும். அழைப்பெல்லாம் போயாச்சு."

அவள் பாத்திரத்தை மூடினாள். குழாயடிச் சத்தம் நிற்கிறதா என்று ஒரு கணம் கேட்டாள். நிற்கவில்லை.

"அப்ப வார்னிஷ் காயட்டும்."

மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்க அப்பாடி அவரு."

"தெரியும். இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மேஸ்திரி தன் வாழ்நாளில் அப்படி வேலை செய்ததில்லை. பச்சையின்மேல் மஞ்சள் கோடு, அதை ஒட்டிக் கறுப்பு, மறுபடி மஞ்சள். சுண்டுவிரலை உடம்பில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, நீண்ட மயிர் பிரஷை ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில்தான் எடுப்பார். ஒரு பெரிய வளைவு முடியும்வரை ஷெட்டில் யாரும் மூச்சு விடவில்லை. ஆளாளுக்கு ஓடி வந்து டீ கொடுத்தார்கள். "கண்ணு பட்டுடும் மேஸ்திரி" என்றான் நெட்டை. மேஸ்திரி வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் கடைசிக் கோடு. மாப்பிள்ளை விளக்கைப் பிடித்திருந்தான். முடித்துவிட்டு மேஸ்திரி நகர்ந்துகொண்டார்.

"பாத்துச் சொல்லு."

அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. மாப்பிள்ளை அவரைப் போலவே தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, கோட்டின் போக்கைப் பார்த்தான்.

"ஒட்டே இல்ல மாமா."

ஷெட்டில் மாமா என்று கூப்பிட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரஷைத் துணியில் துடைத்தார். "ஹால்ல அந்தப் படம்... எடுத்துடலாம். நானே எடுத்துடறேன்" என்றார்.

மாப்பிள்ளைக்கு வாய்வரை வந்தது. வார்னிஷ் மறுநாள்தான். விளக்கை வைத்துவிட்டு நேரே பித்தளை அறைக்குப் போனான்.

"அக்கா, சொல்லிடறேன். மனசு கேக்கல."

"எதுக்கு? படத்தை எடுக்கறேன்னதுக்கா? எடுத்துட்டாரா?"

"எடுக்கறேன்னாரு."

"எடுக்கட்டும். அப்புறம் சொல்லு."

மறுநாள் தரையில் தண்ணீர் தெளித்து, தலைவாரி, வார்னிஷ் அடித்தார்கள். எஞ்சின் ஈரத்தில் நிற்கிற மாதிரி மின்னியது. மேஸ்திரி வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை எடுத்தார். பழைய துணியில் சுற்றி அலமாரிக்குமேல் வைத்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். மகள் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விழாவுக்கு முன்தினம் காலையில், "மூடி எங்கடா? அதை ஒண்ணு முடிச்சுட்டா ஆச்சு" என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளை எடுத்து வந்தான். கைக்குக் கொடுக்காமல், பெரிய கதவின் வெளிச்சத்தில் ஸ்டூலின்மேல் வைத்தான். நெட்டை வேலையை நிறுத்தினான். அக்கா தன் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். கட்டைவிரலில் எச்சில் தொட்டு நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார். நடுவில் இருந்த பச்சை வட்டத்தைத் தேய்த்துப் பார்த்தார். தலையைத் தூக்கி, பித்தளை அறையின் திறந்த ஜன்னலைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் பூச்சு காயும்போதே" என்றான் மாப்பிள்ளை.

மேஸ்திரியின் பார்வை எஞ்சின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் போயிற்று. தன் கோட்டையே அவர் சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"வார்னிஷ் காயட்டும்னு சொன்னதே அவதான்."

மேஸ்திரி போன் இருக்கும் மூலைக்குப் போய் அருங்காட்சியகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். நிறம் தப்பு, தன் தப்பு, இது நீல வண்டி, கொஞ்சம் நாள் கொடுத்தால் முழுக்க மாற்றிவிடுவேன் என்றார். எதிர்முனைப் பேச்சு ஷெட்டுக்கே கேட்டது.

"ஐயோ, இப்பப் போயி என்ன மேஸ்திரி? யாருக்குத் தெரியப் போகுது? பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்படியே இருக்கட்டும்."

"பலகையில 'ஆதி நிறம்'னு எழுதியிருக்கீங்களே ஐயா."

"எழுதினது எழுதினதா இருக்கட்டும். நீங்க நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க."

அவர் போனை வைத்தார். திரும்பி வந்து ஸ்டூலில் இருந்த மூடியைத் தரையில் இறக்கிவிட்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"போடு."

"வேண்டாம் மேஸ்திரி" என்றான் நெட்டை. அவன் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. இந்த நாளை அவன் எத்தனையோ தடவை கற்பனை செய்து சிரித்திருக்கிறான். அந்தக் கற்பனையில் மேஸ்திரி கத்துவார், மறுப்பார், ஓடுவார். இப்படித் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார மாட்டார்.

"உன்னையா கேட்டேன்? டேய் மாப்பிள்ளை. என் பிரஷையே எடுத்துக்கோ. எனாமல்ல போடு."

மாப்பிள்ளை பிரஷைத் தோய்த்தான். கிழவரின் கழுத்துத் தோல் சுருங்கியிருந்தது. இடது கையால் அதை இழுத்துப் பிடித்தான், சுண்டுவிரலைத் தாடை எலும்பில் ஊன்றினான், மூச்சைப் பிடித்தான். காதுக்குக் கீழே வைத்த பிரஷைக் காலருக்குள்தான் எடுத்தான். அவன் போட்டதிலேயே நல்ல கோடு அது.

"ஒட்டு இருக்கா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல மாமா."

"நல்ல கைதான் உனக்கு" என்று எழுந்தார்.

அப்புறம் மூடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தரைக்குத் தண்ணீர் தெளித்தார். தலைவாரினார், கோட்டில் சீப்பு படாமல். ஒரு பூச்சு போதும் என்று நெட்டை சொல்லியும் கேட்காமல், விளக்குச் சூட்டில் காயவைத்துக் காயவைத்து முழு முறைப்படி அந்த நீலத்தைத் தானே பச்சையால் மூடினார். சாயங்காலம் எஞ்சின்மேல் ஏறி அதைத் திருகினார். நீலம் என்று சொல்ல ஷெட்டில் வேறு எதுவும் மிஞ்சவில்லை.

விழாவில் கூட்டம் நன்றாக இருந்தது. எஞ்சினைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆ என்றார்கள். பொறுப்பாளர் ஒலிபெருக்கியில், நூறு சதம் அசல் என்றார். புகைப்படக்காரர் மேஸ்திரியை எஞ்சினுக்கு முன்னால், 'ஆதி நிறம்' என்ற பலகை தெரிகிற மாதிரி நிறுத்தினார். கேமராவில் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"பெரியவரே, கழுத்துல ஏதோ பெயின்ட் ஒட்டியிருக்கு. துடைச்சுக்கறீங்களா?"

"துடைக்கக் கூடாதுங்க" என்றார் மேஸ்திரி.

"அப்ப காலரையாவது கொஞ்சம் ஏத்திவிட்டுக்கங்க."

கூட்டத்திலிருந்து மகள் வந்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவர் அவளுக்குச் செய்ததைப் போல, சட்டையின் முன்பக்கத்தைத் தட்டி நேராக்கினாள். காலரில் கை வைத்தாள். அவர் அவளுக்கு வசதியாகக் கழுத்தை லேசாக நிமிர்த்திக் கொடுத்தார்.

அவள் காலரை ஏற்றவில்லை. கீழே மடித்து, கோடு முழுதும் தெரிகிற மாதிரி விரலால் அழுத்திவிட்டாள். பிறகு நகர்ந்துபோய் புகைப்படக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இப்ப எடுங்க சார். பெருசா ஒண்ணு எங்களுக்கும் வேணும். ஹால்ல ஆணி காலியா இருக்கு."